பழைய பிக் பேண்ட் ஜாஸ்: அரக்குத் தட்டா, எல்.பி.யா, சி.டி.யா, ஸ்ட்ரீமிங்கா?

ட்யூக் எலிங்டன் என்ற அமெரிக்க ஜாஸ் கலைஞரின் குழு 1940 மார்ச் 6 அன்று சிகாகோவில் ‘கோ-கோ’ என்ற உருப்படியைப் பதிவு செய்தது. மூன்று நிமிடம்கூட ஓடாது. இன்று அதைக் கேட்க நான்கு வழிகள் இருக்கின்றன. அந்த ஆண்டு விக்டர் நிறுவனம் வெளியிட்ட பத்து அங்குல அரக்குத் தட்டை, அதாவது நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய இசைத்தட்டை, தேடிப் பிடிக்கலாம். 1960, 70களில் வந்த எல்.பி. மறுபதிப்பை, அதாவது நீண்ட நேரம் ஓடும் வினைல் தட்டை, வாங்கலாம். பின்னால் வந்த சி.டி. தொகுப்பை வாங்கலாம். கைப்பேசியில் சும்மாவே கேட்கலாம். நான்கிலும் இருப்பது அதே நாள், அதே குழு, அதே வாசிப்பு. காதுக்கு வந்து சேர்வது மட்டும் ஒன்றுக்கொன்று மாறுபடுகிறது, அதுவும் கொஞ்சநஞ்சமாக இல்லை.

இந்த இசையைச் சேகரிக்க இறங்குகிற யாருக்கும் முதலில் வரும் கேள்வி இதுதான்: எதில் பணத்தைப் போடுவது? என் பதிலை முன்னதாகவே சொல்லிவிடுகிறேன். முதல் காசு நல்ல படியெடுப்புள்ள (பழைய தட்டின் ஒலியைக் கவனமாக மாற்றிப் பதிந்த) சி.டி.க்கு. அரக்குத் தட்டை அதற்கு அப்புறம், அதுவும் ஒரு குழு, ஒரு காலகட்டம் என்று வரம்பு கட்டிக்கொண்டு வாங்க வேண்டும். எல்.பி. சில குறிப்பிட்ட பதிப்புகளுக்கு மட்டும். ஸ்ட்ரீமிங், யாரை வாங்குவது என்று கண்டுபிடிக்க. ஏன் இந்த வரிசை என்று சொல்கிறேன்.

பிக் பேண்ட் என்றால் சாக்ஸபோன்களும் பித்தளைக் கருவிகளும் வரிசை வரிசையாக வாசிக்கும் பெரிய ஜாஸ் குழு. இங்கே நான் சொல்வது அதன் ஏறத்தாழ 1924 முதல் 1942 வரையிலான காலம். 1924-இல் நியூயார்க்கின் ரோஸ்லாண்ட் நடனக்கூடத்தில் ஃபிளெட்சர் ஹெண்டர்சன் குழு வாசிக்கத் தொடங்கியது. டான் ரெட்மன் அதற்கு எழுதிய அமைப்புகளில் (எந்தக் கருவி எப்போது என்ன வாசிக்க வேண்டும் என்ற இசையெழுத்தில்) சாக்ஸபோன் வரிசையும் பித்தளை வரிசையும் கேள்வியும் பதிலுமாகப் பேசிக்கொண்டன. அந்த இலையுதிர் காலத்தில் லூயி ஆம்ஸ்ட்ராங் அதில் சேர்ந்தார். பின்னால் வந்த குழுக்கள் எல்லாவற்றுக்கும் அடிப்படை அங்கே போடப்பட்டது. 1942 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்க இசைக்கலைஞர்கள் சங்கம் பதிவு செய்வதை நிறுத்தியது. பெரிய நிறுவனங்களான விக்டரும் கொலம்பியாவும் 1944 நவம்பரில்தான் சங்கத்துடன் ஒப்பந்தத்துக்கு வந்தன. அதற்குள் அந்த யுகம் தளர்ந்துவிட்டது.

எதைக் கேட்க வாங்குகிறோம்

வடிவங்களை ஒப்பிட ஓர் அளவுகோல் வேண்டும். எனக்கு அது ‘கோ-கோ’தான். தொடக்கத்தில் ஹாரி கார்னியின் பாரிடோன் சாக்ஸபோன் அடியில் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது, நம் கச்சேரிச் சுருதி போல. கூடவே சானி கிரீரின் டாம்-டாம். அதன் மேல் ஹுவான் டிசோல் வால்வு டிராம்போனில் ஒரு சிறு வாக்கியம் சொல்கிறார், சாக்ஸபோன்கள் பதில் சொல்கின்றன. அப்புறம் ‘டிரிக்கி சாம்’ நான்டன் வருகிறார். குழாய் அடைப்பு எடுக்கும் ரப்பர் கிண்ணத்தை டிராம்போனின் வாயில் வைத்து மூடித் திறந்து, யாரோ தொண்டை கரகரக்க முறையிடுவது போல வாசிக்கிறார். கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் குழு முழுவதும் நின்று நின்று வழிவிட, ஜிம்மி பிளான்டனின் டபுள் பேஸ் தனியாக வெளியே வருகிறது. அப்போது அவருக்கு 21 வயது. 1942-இல் காசநோயில் இறந்துபோனார்.

இதில் மூன்று இடங்களைக் கவனியுங்கள். கார்னியின் கீழ்ச்சுரத்தில் ரீடின் (வாயில் வைத்து ஊதும் நாணல் பட்டையின்) அதிர்வு கேட்கிறதா? நான்டனின் கரகரப்புக்கு முனை இருக்கிறதா? பிளான்டன் நரம்பைச் சுண்டும் அந்தக் கணம், நாதத்துக்கு முன்னால் வரும் ‘டக்’ என்ற ஒலி, காதில் விழுகிறதா? மூன்றும் இருந்தால் நல்ல பதிப்பு. ஏதோ கம்பளிக்குப் பின்னால் வாசிப்பது போல மழுங்கிக் கேட்டால், யாரோ இரைச்சலை எடுக்கப்போய் இசையையும் சேர்த்து எடுத்திருக்கிறார்கள்.

காரணம் எளிமையானது. அரக்குத் தட்டின் சரசரப்பு பெரும்பாலும் உயர் அதிர்வெண்களில் தெரிகிறது. சிம்பலின் ஒளிர்வும், பித்தளைக் கருவிகளின் மூச்சும் காரமும் அங்கேதான் வாழ்கின்றன. கண்மூடித்தனமாக வடிகட்டினால் இரண்டும் ஒன்றாகப் போய்விடும். சி.டி. புதிதாக வந்த 1980களில் ‘சுத்தமான ஒலி’ என்ற ஆசையில் வந்த மறுபதிப்புகள் பலவற்றில் இப்படித்தான் ஆனது. கொஞ்சம் சரசரப்பைச் சகித்துக்கொள்ளப் பழகுங்கள், பத்து நிமிடத்தில் காது அதைத் தள்ளி வைத்துவிடும். போன சிம்பலை எந்தக் காதாலும் திரும்பக் கொண்டுவர முடியாது.

அரக்குத் தட்டு

எனக்கு இதன் மீது பெரிய பிரியம் உண்டு. ஆகவே இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேசுகிறேன்.

78 சுற்றுத் தட்டைப் பிணைத்து நிறுத்துவது அரக்கு. மரக்கிளைகளில் அரக்குப் பூச்சிகள் சுரக்கும் பிசின். உலகத்துக்கு அது பெரும்பாலும் இந்தியாவிலிருந்து, குறிப்பாக சோட்டா நாக்பூர் காட்டுப் பகுதிகளிலிருந்து போனது. அதோடு கல் தூளும் கரியும் கலந்து அழுத்தி எடுத்தால் தட்டு. நியூயார்க்கின் ஹார்லெமில் ஆடிய இசை நம் காட்டுப் பிசினில்தான் பதிந்திருக்கிறது என்பது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தரும் விஷயம். போர் வந்ததும் 1942-இல் அமெரிக்க அரசு இசைத்தட்டுக்கான அரக்கைக் கடுமையாகக் குறைத்தது. பழைய தட்டுகளைச் சேர்த்து அரைத்துப் புதியது செய்தார்கள். 1920களின் தட்டுகள் எத்தனையோ அப்படியே போயின.

கல் தூள் சேர்த்ததற்குக் காரணம் உண்டு. அந்தக் காலத்து எஃகு ஊசியைத் தட்டே தேய்த்துத் தன் பள்ளத்துக்கு ஏற்ற வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். அதனால்தான் ஒவ்வொரு பக்கத்துக்கும் புது ஊசி. ஊசி தேயும்போது தட்டும் தேய்ந்தது. எல்லோரும் ஓங்கி ஊதும் இடங்களில் பள்ளத்தின் சுவர் சிதைந்து சாம்பல் நிறமாகியிருக்கும். பிக் பேண்ட் தட்டுகளில் இது அதிகம், ஏனென்றால் கடைசிக் கோரஸில் (மெட்டின் கடைசிச் சுற்றில்) எல்லோரும் ஓங்கித்தான் ஊதுவார்கள்.

நன்றாக இருக்கும் தட்டைச் சரியான கருவியில் கேட்டால் என்ன கிடைக்கும்? நேரடித்தன்மை. குழு அறைக்குள் நிற்கிற உணர்வு. 1925-இல் மைக்ரோஃபோன் வழியாகப் பதிவு செய்யும் முறை வந்த பிறகு விக்டரும் கொலம்பியாவும் செய்த தட்டுகளில் இந்த உடல் வலு தெளிவாகவே தெரியும். கொலம்பியா தட்டு அடுக்கு முறையில் செய்தது: நடுவில் முரட்டுக் கலவை, மேலே மென்மையான மெல்லிய படலம். அதனால் 1920களின் பிற்பாதிக் கொலம்பியா தட்டுகள் வியப்பூட்டும் அளவுக்கு அமைதியானவை. ஹெண்டர்சன் 1926-இல் பதிந்த ‘தி ஸ்டாம்பீட்’ அப்படிப்பட்ட ஒன்று. அதில் கோல்மன் ஹாக்கின்ஸின் டெனர் சாக்ஸபோன் முன்னால் வந்து நிற்கும். அதே காலத்துப் பாராமவுண்ட் தட்டுகளோ மணலில் ஓட்டுவது போலச் சத்தம் போடும்.

1925-க்கு முந்தைய பதிவுகள் தனி ரகம். கலைஞர்கள் ஒரு பெரிய குழல் முன்னால் நெருக்கியடித்து நின்று வாசித்தார்கள், குழலின் முனையில் இருந்த ஊசி மெழுகைக் கீறியது. டபுள் பேஸும் பெரிய டிரம்மும் அந்த முறைக்குச் சரிப்படவில்லை, ஆகவே டியூபா வாசித்தார்கள். இந்தத் தட்டுகளை மட்டும் சாவி கொடுக்கும் கிராமபோனில் கேட்பதில் ஒரு நியாயம் உண்டு என்று நினைக்கிறேன். குழல் வழியாக உள்ளே போன ஒலி குழல் வழியாகவே வெளியே வருகிறது, பொருத்தமாக இருக்கிறது. மற்றபடி நல்ல மின்பதிவுத் தட்டு எதையும் கனமான எஃகு ஊசியின் கீழ் வைக்காதீர்கள்.

அப்போது எதில் கேட்பது? 78 சுற்று ஓடும் டர்ன்டேபிள் வேண்டும். ஊசி தனியாக வேண்டும். எல்.பி.க்கான ஊசிமுனையின் ஆரம் ஏறத்தாழ 18 மைக்ரான், அரக்குத் தட்டுக்கு ஏறத்தாழ 75 மைக்ரான் வேண்டும். எல்.பி. ஊசியை வைத்தால் அது அகலமான பள்ளத்தின் அடியில் கிடக்கும் அழுக்கில்தான் ஓடும். அடுத்து ஒலிச் சமன் (ஈக்வலைசேஷன்), அதாவது பதியும்போது கூட்டிக் குறைத்த உயர், தாழ் ஒலிகளைக் கேட்கும்போது திரும்பச் சரிசெய்வது. இன்றைய ஆம்ப்ளிஃபயர்களில் உள்ளது 1954-இல் எல்.பி.க்காக நிலைத்த அமைப்பு. அதன் வழியாக 78-ஐப் போட்டால் மேலே மங்கலாக இருக்கும், ‘பழைய தட்டு இப்படித்தான் போல’ என்று நினைத்துவிடுவோம். 78-க்கென்று அமைப்பை மாற்றிக்கொள்ளும் ப்ரீஆம்ப் (ஊசியிலிருந்து வரும் மெல்லிய சமிக்ஞையைப் பெருக்கும் கருவி) ஒன்று அவசியம். வேகமும் எப்போதும் சரியாக 78 இல்லை. பழைய தட்டுகள் சில 80-இலும் அதற்குக் கொஞ்சம் மேலே கீழேயும் பதிவானவை, ஆகவே வேகத்தைத் திருகிச் சரிசெய்யும் வசதி இருந்தால் நல்லது. சுத்தம் செய்ய ஆல்கஹால் கலந்த எதையும் தொடவே கூடாது, அரக்கு அதில் கரைந்துவிடும்.

இதெல்லாம் பணம். தட்டு வாங்கும் முன்னரே ஆகும் செலவு.

அப்புறம் எந்தத் தட்டு என்ற கேள்வி. இங்கேதான் புதியவர்கள் வழி தவறுவதைப் பார்க்கிறேன். அரிய தட்டைத் தேடிப் போகிறார்கள். அமெரிக்காவில் 1927-இல் பத்துக் கோடிக்கு மேல் விற்ற இசைத்தட்டுகள், பொருளாதார வீழ்ச்சியிலும் வானொலியின் போட்டியிலும் சரிந்து, 1932-இல் 60 லட்சம் அளவுக்கு வந்துவிட்டன. அந்தச் சரிவின் அடியில் பதிவானவை மிகக் குறைவாகவே அச்சாகின, மிகக் குறைவாகவே பிழைத்தன. பென்னி மோட்டன் குழு 1932 டிசம்பர் 13 அன்று நியூ ஜெர்சியின் கேம்டனில், தேவாலயமாக இருந்து பதிவுக்கூடமாக மாறிய கட்டடத்தில், ஒரே நாளில் பத்துப் பக்கங்கள் (தட்டின் ஒரு பக்கத்துக்கு ஓர் உருப்படி) பதிந்தது. பியானோவில் கவுண்ட் பேஸி, பேஸில் வால்டர் பேஜ், டிரம்பெட்டில் ‘ஹாட் லிப்ஸ்’ பேஜ், டெனரில் பென் வெப்ஸ்டர், பாட ஜிம்மி ரஷிங். ‘மோட்டன் ஸ்விங்’ அன்றுதான் பிறந்தது. டியூபாவும் பாஞ்சோவும் போய், நான்கு தாளமும் சமமாக நடக்கும் கன்சாஸ் சிட்டி நடை முழு உருவத்தில் நிற்கிறது. அந்த இசைக்காக உயிரையே கொடுக்கலாம். அந்த மூலத் தட்டுக்காக ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுக்க வேண்டாம். நல்ல படியெடுப்பில் அந்தக் கூடத்தின் எதிரொலி வரை எல்லாம் கிடைக்கிறது.

1935-க்குப் பிறகு கதை தலைகீழ். 1934-இல் அமெரிக்க டெக்கா 35 சென்ட் விலையில் தட்டு விற்கத் தொடங்கியது. பெரிய நிறுவனங்களின் முதன்மைத் தட்டுகள் அப்போது 75 சென்ட் விலையில் இருந்தன. பென்னி குட்மன் 1935 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலிஸின் பாலமர் நடனக்கூடத்தில் வெற்றி பெற்ற பிறகு ஸ்விங் என்ற இந்த ஆடல் இசை நாடு முழுக்கப் பரவியது, தட்டுகள் லட்சக்கணக்கில் விற்றன. அதனால் குட்மன், பேஸி, ஜிம்மி லன்ஸ்ஃபோர்ட், சிக் வெப் ஆகியோரின் பெரும்பாலான தட்டுகள் இன்றும் மலிவு. அமெரிக்காவில் பழைய பொருள் விற்கும் இடங்களில் கட்டுக்கட்டாகக் கிடைக்கும். குட்மனின் 1935 ‘கிங் போர்ட்டர் ஸ்டாம்ப்’ ஹெண்டர்சன் எழுதிய அமைப்பு, அதில் பனி பெரிகனின் டிரம்பெட் அனல் பறக்கும். சும்மா சொல்லவில்லை, இந்த ஒரு தட்டு போதும் அரக்குத் தட்டின் சுவை தெரிய.

ஆக, அரக்கில் விலைக்கும் இசைக்கும் தொடர்பே இல்லை. விலை என்பது அச்சான எண்ணிக்கையின் கணக்கு.

வாங்கும்போது தர எழுத்துகளைப் புரிந்துகொள்ளுங்கள். என், ஈ, வி, ஜி என்று இறங்கும், நடுநடுவே கூட்டல் கழித்தல் குறிகள். நாம் வழக்கமாகச் சந்திப்பது ‘வி பிளஸ்’. அது கேட்கத் தகுந்த நிலை. ‘ஈ’ என்றால் நல்ல தட்டு. ஆனால் பலர் கண்ணால் பார்த்து மட்டும் தரம் எழுதுகிறார்கள், பளபளக்கும் தட்டும் தேய்ந்திருக்கலாம். ‘போட்டுக் கேட்டீர்களா?’ என்று கேளுங்கள். மயிரிழை விரிசல் ஒன்று இருந்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு ‘டிக்’, அதாவது நிமிடத்துக்கு 78. அடுக்குத் தட்டுகளில் மேல்படலத்தில் மட்டும் வரும் வெடிப்பு அவ்வளவு தொந்தரவு தராது. கடல் கடந்து தட்டு வரவழைத்தால் தபால் செலவு பெரும்பாலும் தட்டின் விலையைத் தாண்டும், கட்டு சரியில்லாவிட்டால் உடைந்துதான் வரும். ஒன்றொன்றாக வாங்காமல் பத்துப் பதினைந்து தட்டைச் சேர்த்து, இரண்டு பக்கமும் கெட்டியான அட்டை வைத்துக் கட்டச் சொல்லுங்கள்.

இன்னொரு வழியும் உண்டு. இங்கிலாந்தில் பார்லஃபோனும் எச்.எம்.வி.யும் அமெரிக்க மூலங்களிலிருந்து வெளியிட்ட தட்டுகள் பொதுவாக அமெரிக்க அச்சைவிட அமைதியான பரப்பு கொண்டவை, விலையும் குறைவு. கல்கத்தாவுக்கு அருகே டம் டம்மில் எச்.எம்.வி. ஆலை இருந்ததால் இந்திய அச்சும் இருக்கிறது. அன்று இங்கே கேட்க ஆள் இருந்தார்கள். 1940களின் தொடக்கத்தில் பியானோ கலைஞர் டெடி வெதர்ஃபோர்ட் கல்கத்தாவின் கிராண்ட் ஹோட்டலில் ஸ்விங் குழு நடத்தினார், அங்கேயே 1945-இல் காலராவில் இறந்தார். பழைய தட்டுக் கடைகளில் இந்திப் பாடல் கட்டுகளுக்கு நடுவே கை விட்டுப் பார்ப்பது வீண்போகாது.

எல்.பி.

எல்.பி.க்கு ஆதரவான வலுவான வாதம் ஒன்றுதான், ஆனால் நல்ல வாதம். மெழுகில் பதிந்ததை மின்முலாம் பூசி உலோகத் தகடாக எடுப்பார்கள், அதிலிருந்து தாய்த்தகடு, அதிலிருந்து அச்சுத்தகடு. அரக்கின் இரைச்சல் கடைசிப் படியில்தான் சேர்கிறது. உலோகத் தகட்டிலிருந்தே நேராகப் படியெடுத்தால் எந்த 78 தட்டிலும் இல்லாத அமைதி கிடைக்கும். 1950 முதல் 70 வரை நிறுவனங்கள் தாங்களே தங்கள் கிடங்கைத் திறந்து செய்த எல்.பி.களில் சில அப்படிப்பட்டவை. பல உலோகத் தகடுகள் பின்னாளில் அழிந்துவிட்டதால், அந்த எல்.பி. சில சமயம் நமக்குக் கிடைக்கக்கூடிய சிறந்த சாட்சி.

கொலம்பியா 1961-இல் ஹெண்டர்சனுக்கு ஒரு நான்கு எல்.பி. பெட்டி போட்டது. தலைமுறை ஒன்றுக்கு ஹெண்டர்சன் யார் என்று சொல்லிக்கொடுத்தது அந்தப் பெட்டிதான். குட்மன் 1938 ஜனவரி 16 அன்று கார்னகி மண்டபத்தில் நடத்திய கச்சேரி 1950-இல் எல்.பி.யாகத்தான் முதலில் வெளியே வந்தது. பிரான்சில் ஆர்.சி.ஏ. 1970களில் எலிங்டனின் விக்டர் பதிவுகளை வரிசையாக எடுத்துப் போட்டது. இவை மூன்றும் நல்ல நிலையில் கிடைத்தால் தயங்காமல் வாங்குங்கள்.

தவிர்க்க வேண்டியது: 1960களில் ஒற்றைத்தடப் பதிவைச் செயற்கையாகப் பிரித்து ‘ஸ்டீரியோ’ ஆக்கிய எல்.பி.கள். உயர் ஒலி ஒரு பக்கம், தாழ்ந்த ஒலி மறு பக்கம், நடுவில் கொஞ்சம் எதிரொலி. உறையின் மேல் விளிம்பைப் பாருங்கள். ‘எலக்ட்ரானிக்’ என்ற சொல் ஸ்டீரியோவோடு சேர்ந்து வந்தால் திருப்பி வைத்துவிடுங்கள். இப்போது புதிதாக வரும் கனமான வினைல் பதிப்புகள் பலவும் டிஜிட்டல் கோப்பிலிருந்து வெட்டியவை. இந்தக் கால இசைக்கு அதனால் என்ன லாபம் என்று எனக்குப் புரியவில்லை, அதே படியெடுப்பு சி.டி.யில் பாதி விலைக்குக் கிடைக்கும்போது.

சி.டி.

சி.டி.யைப் பழைய சரக்கு என்று ஒதுக்குகிற காலம் இது. பழைய பிக் பேண்டைச் சேகரிப்பவருக்கு அதுதான் நல்ல செய்தி, ஏனென்றால் அருமையான தொகுப்புகள் பழைய விலைக்கும் கீழே விற்கின்றன.

இங்கே பார்க்க வேண்டியது படியெடுத்தவரின் பெயர். லேபிளின் (வெளியிடும் நிறுவனத்தின்) பெயர் அப்புறம். இங்கிலாந்தின் ஜான் ஆர். டி. டேவிஸ் இந்தக் கலையின் பெரிய ஆசான். ஒவ்வொரு தட்டுக்கும் பொருந்தும் ஊசிமுனையை மாற்றி மாற்றிப் பார்த்துத் தேர்ந்தெடுப்பார். டிஜிட்டலுக்கு முன்னால், நாடாவில் கிளிக் விழுந்த இடத்தைக் கண்டுபிடித்து அந்தக் காந்தப் பூச்சைக் கத்தியால் மெல்லச் சுரண்டி எடுப்பார். இசை மொத்தத்தையும் வடிகட்டாமல் அந்த ஒரு கிளிக்கை மட்டும் நீக்கும் வழி அது. அவர் 2004-இல் மறைந்தார். ஸ்காட்லாந்தின் ஹெப் லேபிளில் அவர் செய்தவை நிறைய உண்டு. சி.டி.யின் பின்னால் அவர் பெயர் இருந்தால் எனக்கு வேறு கேள்வியே இல்லை. எலிங்டனுக்கு ஸ்டீவன் லாஸ்கர். அமெரிக்காவில் ஜாக் டவர்ஸ்.

டவர்ஸைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். 1940 நவம்பர் 7 அன்று எலிங்டன் குழு வடக்கு டகோட்டாவின் ஃபார்கோவில் ஒரு நடன நிகழ்ச்சிக்கு வாசித்தது. அங்கே டவர்ஸும் டிக் பரிஸும் அனுமதி வாங்கிக்கொண்டு, கையோடு கொண்டுபோன தட்டுவெட்டும் கருவியில் அந்த இரவைப் பதிந்தார்கள். இரண்டு பேரும் இளைஞர்கள், ஆர்வம் மட்டுமே மூலதனம். பதிவுக்கூடத்தின் மூன்று நிமிடக் கெடுபிடி இல்லாமல், ஆடும் மக்களுக்கு முன்னால் பிளான்டனும் வெப்ஸ்டரும் இருந்த அந்தக் குழு எப்படி மூச்சுவிட்டது என்பதற்கு இதைவிட நல்ல ஆவணம் கிடையாது. இது 78 தட்டாக வந்ததே இல்லை. அரக்கு மட்டும் சேகரிப்பவர் வீட்டில் இந்த இரவு இருக்காது.

இதைவிட வியப்பான ஒன்றும் உண்டு. 1932 பிப்ரவரியில் விக்டர் எலிங்டனின் இரண்டு தொடர்-உருப்படிகளை (பல பாடல்களைக் கோத்தவை) பதிந்தது. பாதுகாப்புக்காக இரண்டு தட்டுகள் ஒரே நேரத்தில் வெட்டப்பட்டன. இரண்டும் வெவ்வேறு மைக்ரோஃபோனிலிருந்து வந்தவை. சேகரிப்பாளர்கள் பல பத்தாண்டுகளுக்குப் பின் இரண்டு பிரதிகளை ஒப்பிட்டுப் பார்த்து, ஒன்றை இடப் பக்கமும் மற்றதை வலப் பக்கமும் வைத்து இணைத்தார்கள். உண்மையான ஸ்டீரியோ வெளியே வந்தது! 1932-இல் எலிங்டன் குழுவில் யார் எந்தப் பக்கம் அமர்ந்திருந்தார்கள் என்று காதால் காட்ட முடிகிறது. மூலத் தட்டு ஒன்றை மட்டும் வைத்திருப்பவரால் இதைக் கேட்கவே முடியாது. ‘மூலம்தான் எப்போதும் மேல்’ என்று யாராவது சொன்னால் நான் இதைத்தான் போட்டுக் காட்டுவேன்.

எந்தத் தொடரை வாங்கலாம்? 1983-இல் தொடங்கிய மொசைக் நிறுவனத்தின் பெட்டிகள் ஒலியிலும் குறிப்புகளிலும் மேலானவை. எலிங்டனின் 1932–40 பதிவுகளுக்குப் பதினொரு சி.டி., லன்ஸ்ஃபோர்டின் டெக்கா பதிவுகளுக்கு ஏழு, சிக் வெப்புக்கும் எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டுக்கும் எட்டு. எல்லாம் வரம்பிட்ட எண்ணிக்கை, தீர்ந்தால் தீர்ந்ததுதான், அப்புறம் விலை ஏறும். பிரான்சின் கிளாசிக்ஸ் தொடர் கால வரிசைப்படி ஒவ்வொரு கலைஞரையும் முழுமையாகக் கொடுத்தது. அதில் மாற்று டேக்குகள் (ஒரே உருப்படியை மறுபடி வாசித்துப் பதிந்தவை) இல்லை. ஒலியோ எந்தத் தட்டு கையில் கிடைத்ததோ அதைப் பொறுத்தது, ஒரு பாடல் நன்றாகவும் அடுத்தது சுமாராகவும் இருக்கும். மக்கின்னிஸ் காட்டன் பிக்கர்ஸ் போன்ற குழுவை முழுதாகக் கேட்க வேண்டுமென்றால் இது கைகொடுக்கும்.

ஐரோப்பாவில் இவ்வளவு லேபிள்கள் முளைத்ததற்குச் சட்டம் காரணம். அங்கே ஒலிப்பதிவுக்கு நீண்ட காலம் 50 ஆண்டுதான் பாதுகாப்பு. பின்னர் அதை 70 ஆக்கியபோதும் 1963-க்கு முந்தையவை பொதுச் சொத்தாகவே இருந்தன. யார் வேண்டுமானாலும் போடலாம், மற்றவர் செய்த படியெடுப்பை எடுத்துப் போட்டவர்களும் உண்டு. படியெடுத்தவர் பெயரே இல்லாத மலிவுப் பெட்டிகளைப் பற்றி எச்சரிக்கையாக இருங்கள்.

ஸ்ட்ரீமிங்கும் இலவசக் களஞ்சியங்களும்

கேட்டுப் பார்க்க அருமை, நம்பிச் சேகரிக்கச் சிரமம். ‘பிளாக் அண்ட் டான் ஃபேன்டசி’ என்று தேடுங்கள். எலிங்டன் அதை 1927-இல் மட்டும் பிரன்ஸ்விக், விக்டர், ஓகே என்று மூன்று நிறுவனங்களுக்குப் பதிந்தார். பிற்காலத்திலும் பலமுறை வாசித்தார். செயலியில் வரும் முதல் முடிவு எந்த ஆண்டினது என்று பெரும்பாலும் தெரியாது. போதாததற்கு அந்தக் காலத்தில் ஒரே குழு வெவ்வேறு பெயரில் பதிந்தது. தி வாஷிங்டோனியன்ஸ், தி ஜங்கிள் பேண்ட், தி ஹார்லெம் ஃபுட்வார்மர்ஸ் எல்லாம் எலிங்டன்தான். ஆண்டு தெரியாமல் இந்த இசையைக் கேட்டால் பாதி ரசனை போய்விடும். 1927-க்கும் 1932-க்கும் நடுவே ஒவ்வொரு ஆண்டும் தாளம் மாறுகிறது, அதைத் தொடர்ந்து கேட்பதில்தான் சுகம்.

இதற்கு மாற்று மருந்து சாந்தா பார்பராவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இலவசப் பதிவுப் பட்டியல். எந்த நாள், எந்த ஊர், எந்த மேட்ரிக்ஸ் எண் (நிறுவனம் ஒவ்வொரு பதிவுக்கும் இட்ட எண்), எந்த டேக் வெளியானது என்று பார்த்துக்கொள்ளலாம். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 1925 வரையிலான விக்டர் தட்டுகள் பலவற்றைக் கேட்கவே வைத்திருக்கிறது. சில பதிவுகளுக்கு டிஜிட்டல்தான் முதல் வீடு. பில் சாவரி என்ற பொறியாளர் 1930களின் பிற்பகுதியில் வானொலியிலிருந்து தட்டில் பிடித்து வைத்த கருவூலத்தை ஹார்லெமின் ஜாஸ் அருங்காட்சியகம் 2010-இல் வாங்கியது. பேஸி குழுவும் லெஸ்டர் யங்கும் அதில் இருக்கிறார்கள். அதிலிருந்து 2016-இல் வெளியானவை முதலில் பதிவிறக்கமாகத்தான் வந்தன.

யாருக்கு எது

புதிதாகத் தொடங்குகிறவர் கவுண்ட் பேஸியின் 1937–39 டெக்கா பதிவுகளை மூன்று சி.டி. தொகுப்பாக வாங்கட்டும். 24 பக்கங்களுக்கு மொத்தம் 750 டாலர், ராயல்டி கிடையாது என்ற அநியாயமான ஒப்பந்தத்தில் தொடங்கிய பதிவுகள் இவை. இருந்தாலும் வால்டர் பேஜ், ஜோ ஜோன்ஸ், ஃப்ரெடி கிரீன் சேர்ந்த அந்தத் தாளப் பிரிவு போல அதற்கு முன்னும் பின்னும் ஒன்று வந்ததாக நான் நினைக்கவில்லை. லெஸ்டர் யங் அதன் மேல் மிதக்கிறார். அடுத்தது எலிங்டனின் 1940–42 விக்டர் பதிவுகள், ஆனால் 1980களின் சி.டி. வேண்டாம், 2003-இல் வந்த மூன்று சி.டி. பதிப்பு. மூன்றாவதாக மோட்டன்.

ஏற்கெனவே டர்ன்டேபிள் வைத்திருப்பவர், இந்திப் பாட்டோ தமிழ்ப் பாட்டோ எல்.பி. சேர்ப்பவர், அரக்குக்கு என்று தனி ஊசி ஒன்று வாங்கிப் போட்டுக்கொண்டு 1935–41 காலத்து டெக்கா, விக்டர், இங்கிலாந்துப் பார்லஃபோன் தட்டுகளோடு ஆரம்பிக்கலாம். லன்ஸ்ஃபோர்டைச் சிபாரிசு செய்கிறேன். சை ஆலிவர் அவருக்கு எழுதிய அமைப்புகள் 78-இல் கேட்கக் கேட்கத் தீராதவை, போட்டியில்லாததால் மலிவும்கூட.

ஏற்கெனவே பணமும் இடமும் பொறுமையும் உள்ள சேகரிப்பாளர் 1926–30 கொலம்பியா, விக்டர் தட்டுகளுக்குப் போகலாம். அவருக்கு ஒரே ஒரு சொல்: தட்டை வாங்கும் முன் மேட்ரிக்ஸையும் டேக் எண்ணையும் படமாக அனுப்பச் சொல்லுங்கள். லேபிளைச் சுற்றியுள்ள மென்மையான பகுதியில் அது பொறித்திருக்கும். ஒரே வெளியீட்டு எண்ணில் வெவ்வேறு டேக்குகள் அச்சானது உண்டு. உங்களிடம் சி.டி.யில் இருக்கும் அதே டேக் என்றால் அவசரப்பட வேண்டாம். வேறு டேக் என்றால், நிலை ‘வி’யாக இருந்தாலும் பரவாயில்லை, வாங்கிவிடுங்கள்.